ஒரே பருவம், இரண்டு தீர்ப்புகள்: மாரிஸ் கிளாரெட் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் கால்பந்து வீரர் மாரிஸ் கிளாரெட் கல்லூரி அணிக்காக ஆடியவை மொத்தம் 11 ஆட்டங்கள்தாம். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அமைப்பின் பருவ ஆட்டங்களில் அவர் ஒருமுறைகூடக் களமிறங்கவில்லை. இருந்தும், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு மாணவ வீரரின் உழைப்பு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அவர் பெயரும் கூடவே வந்துவிடுகிறது. அந்தப் 11 ஆட்டங்களில் அவர் தன் பல்கலைக்கழகத்துக்கு 34 ஆண்டுகளாகக் கிட்டாத தேசியப் பட்டத்தைப் பெற்றுத் தந்ததில் பெரும்பங்கு வகித்தார். அடுத்த ஆண்டே, அவர் பெயரில் தொடரப்பட்ட வழக்கு, இளம் வீரர்களுக்குத் தொழில்முறை ஆட்டத்தின் கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை நீதிமன்றத்தின் முன் வைத்தது.

இந்தக் கதையைத் திறமை இருந்தும் தறிகெட்டுப்போன ஒரு பையனின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். அது முழுக்கப் பொய்யும் அல்ல; அவர் செய்த தவறுகள் சிறியவை அல்ல, அவற்றை இக்கட்டுரை மறைக்கப் போவதும் இல்லை. ஆனால் நடந்தவற்றைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. கிளாரெட் எப்போது, எங்கே, என்ன ஊதியத்துக்கு ஆடலாம் என்பதைப் பல்கலைக்கழகமும் லீக்கும் வீரர் சங்கமும் தத்தமக்குள் பேசி முடிவு செய்து வைத்திருந்தன; அந்தப் பேச்சில் அவர் தரப்பு என்று ஒன்று இருக்கவே இல்லை. அணியில் அவர் ஆடிய ரன்னிங் பேக் என்ற இடமும் அப்படிப்பட்டது, காத்திருப்பதற்கு ஆகும் செலவு மற்ற எந்த இடத்தையும்விட அதிகமாக உள்ள இடம்.

அந்த இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படுகின்றன. அவற்றுக்குள் பந்தைப் பத்து கெஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். ரன்னிங் பேக் என்பவர், குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை வீசவோ கொடுக்கவோ செய்பவர்) கையில் திணிக்கும் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் அணியின் தடுப்பு வரிசை ஒரு நொடிப்பொழுது திறந்துவிடும் இடுக்கில் புகுந்து ஓடுபவர். இடுக்குக்கு அப்பால் நூறு, நூற்றிருபது கிலோ எடையுள்ளவர்கள் அவரை வீழ்த்துவதற்கென்றே நிற்கிறார்கள். ஒருவர் ஒரு பருவத்தில் 222 முறை பந்தைச் சுமந்தார் என்று கணக்கில் எழுதியிருந்தால், ஏறத்தாழ அத்தனை முறையும் அவர் தரையில் சாய்க்கப்பட்டார் என்று பொருள். குவாட்டர்பேக்குகள் முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் ஆடுகிறார்கள். ரன்னிங் பேக்கின் கால்கள் பெரும்பாலும் முப்பதைத் தொடுவதற்குள்ளேயே ஓய்ந்துவிடுகின்றன. எனவே பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரையிலான மூன்று ஆண்டுகள் என்பது அவருடைய தொழில் வாழ்க்கையில் ஒரு முன்னுரை அல்ல. சரக்கில் கணிசமான பங்கு அங்கேயே செலவாகிவிடுகிறது.

யங்ஸ்டவுனிலிருந்து கொலம்பஸுக்கு

ஓஹியோ மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள யங்ஸ்டவுன், எஃகு உலைகளை நம்பி வாழ்ந்த ஊர். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் தன் கேம்பல் ஆலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக அறிவித்தது. அந்த நாளை ஊர்மக்கள் இன்றும் ‘கறுப்புத் திங்கள்’ என்றே குறிப்பிடுகிறார்கள். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, மக்கள் வெளியேறினார்கள், எஞ்சியவர்களிடையே துப்பாக்கிச் சாவுகள் பெருகின. கிளாரெட் பிறந்தது 1983 அக்டோபர் 29 அன்று, அதாவது இந்தச் சரிவு முற்றியிருந்த காலத்தில். ஊரில் தலைநிமிர்ந்து பேச எஞ்சியிருந்தவற்றில் கால்பந்தும் ஒன்று. யங்ஸ்டவுன் ஸ்டேட் பல்கலைக்கழக அணியை 1986 முதல் 2000 வரை பயிற்றுவித்து, இரண்டாம் அடுக்குப் போட்டிகளில் நான்கு தேசியப் பட்டங்களை வென்று தந்த ஜிம் டிரெசல் அங்கே மதிக்கப்பட்ட பெயர். 2001-ஆம் ஆண்டு டிரெசல் மாநிலத் தலைநகர் கொலம்பஸில் உள்ள ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார்.

பக்கத்து ஊரான வாரனில் உள்ள வாரன் ஜி. ஹார்டிங் உயர்நிலைப் பள்ளிக்காக ஆடிய கிளாரெட்டை, 2001-இல் நாட்டின் தலைசிறந்த பள்ளித் தாக்குதல் ஆட்டக்காரராக யூ.எஸ்.ஏ. டுடே நாளிதழ் தேர்ந்தெடுத்தது. அவர் டிரெசலின் அணியில் சேர ஒப்புக்கொண்டார். கல்லூரியின் வசந்தகாலப் பயிற்சியில் கலந்துகொள்ள வசதியாக, வகுப்பு நண்பர்களுக்கு அரையாண்டு முன்னதாகவே, 2001 டிசம்பர் 11 அன்று, பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு 2002 ஜனவரியில் கொலம்பஸுக்கு வந்தார். அந்த டிசம்பர் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு அதை எடுத்துப் பேசுகிறது.

பதினான்கு வெற்றிகள்

2002 ஆகஸ்ட் 24 அன்று டெக்சாஸ் டெக் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, ஓஹியோ மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கொண்ட கூட்டத்தின் முன், பதினெட்டு வயதுக் கிளாரெட் 21 ஓட்டங்களில் 175 கெஜம் ஓடி மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டுசேர்த்துப் பெறும் புள்ளிகள்) எடுத்தார். மூன்றாவது ஆட்டம் வாஷிங்டன் ஸ்டேட் அணியோடு: 31 ஓட்டங்கள், 230 கெஜம். அந்த ஆட்டம் முடிந்த கையோடு முழங்காலில் சிறு அறுவை சிகிச்சை செய்துகொண்டு அடுத்த வாரத்தைத் தவறவிட்டார். பின்னர் தோளில் ஏற்பட்ட நரம்பு அடி பருவம் முழுவதும் அவரை விட்டு விலகவில்லை. பதினான்கு ஆட்டங்களில் அவர் ஆடியது பதினொன்றுதான் என்பதற்கு இதுவே காரணம். இருந்தும் 222 ஓட்டங்களில் 1,237 கெஜம், 16 டச் டவுன். பந்தைப் பிடித்து எடுத்தவை இன்னும் இரண்டு. மிஷிகனுக்கு எதிரான பருவ இறுதி ஆட்டத்தில், தோளை முழுதாகத் தூக்க முடியாத நிலையில் 119 கெஜம் ஓடியதோடு, வெற்றி டச் டவுனுக்கு வழிவகுத்த கடைசித் தாக்குதலில் 26 கெஜத்துக்கு ஒரு பந்தையும் பிடித்தார். ஓஹியோ ஸ்டேட் 14-9 என்று வென்றது.

தேசியப் பட்டத்துக்கான ஃபியஸ்டா பவுல் ஆட்டம் 2003 ஜனவரி 3 அன்று அரிசோனாவின் டெம்பி நகரில் நடந்தது. எதிரே நின்ற மயாமி அணி தொடர்ந்து 34 ஆட்டங்களாகத் தோற்றதே இல்லை. அன்றைய ஆட்டத்தில் கிளாரெட் ஓடியது வெறும் 47 கெஜம். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் அது அவருடைய மோசமான நாள் என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் அவரைப் பற்றிப் பேச ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அந்த ஆட்டத்திலிருந்துதான் எடுப்பேன், அதுவும் அவர் கையில் பந்து இல்லாத ஒரு கணத்தை.

மூன்றாம் கால்பகுதி. ஓஹியோ ஸ்டேட் 14-7 என்று முன்னிலையில் இருக்கிறது. குவாட்டர்பேக் கிரெய்க் கிரென்சல் மயாமியின் எல்லைப் பகுதிக்குள் வீசிய பந்தை மயாமியின் ஷான் டெய்லர் இடைமறித்துப் பிடித்துவிடுகிறார். பிடித்த இடத்திலேயே மண்டியிட்டிருந்தால் பந்து மயாமிக்கே சொந்தம். ஆனால் முன்னே வெளி தெரிகிறது, டெய்லர் பக்கவாட்டுக் கோட்டையொட்டி ஓடத் தொடங்குகிறார். இத்தகைய தருணத்தில் பெரும்பாலான ரன்னிங் பேக்குகள் ஒன்று நின்றுவிடுவார்கள், அல்லது ஓடுபவரைக் கீழே தள்ளினால் போதும் என்று பாய்வார்கள். கிளாரெட் பின்னாலிருந்து ஓடிவந்து, டெய்லரின் உடலை விட்டுவிட்டுப் பந்து இருந்த கையைப் பற்றி, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைத் திரும்பப் பெறுபவரைப் போலப் பந்தை உருவி எடுத்துக்கொண்டார். அடுத்த சில முயற்சிகளில் ஓஹியோ ஸ்டேட்டுக்கு மூன்று புள்ளிகள் கிடைத்தன. ஆட்டம் 17-17 என்ற சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனதை எண்ணிப் பார்த்தால், அந்த மூன்று புள்ளிகளின் மதிப்பு விளங்கும். இரண்டாம் கூடுதல் நேரத்தில் ஐந்து கெஜம் ஓடி வெற்றி டச் டவுனை எடுத்தவரும் கிளாரெட்தான். முடிவு 31-24. ஓஹியோ ஸ்டேட் 1968-க்குப் பிறகு முதல்முறையாக மறுப்புக்கிடமில்லாத தேசிய வாகையர் ஆனது.

அதே ஆட்டத்தில் இன்னொரு ரன்னிங் பேக்குக்கு நேர்ந்ததையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். நான்காம் கால்பகுதியில் மயாமியின் வில்லிஸ் மெக்காஹி பந்தைப் பிடித்துத் திரும்பிய கணத்தில், எதிராளி ஒருவரின் தோள் அவர் முழங்காலில் நேராக மோதி, மூட்டு நார்கள் அறுந்தன. ஆனால் அவர் பள்ளியை விட்டு மூன்று பருவங்கள் ஆகியிருந்ததால் லீக்கின் வருடாந்தரத் தேர்வான டிராஃப்டுக்குப் போகும் தகுதி அவருக்கு இருந்தது. போனார், அந்த நிலையிலும் பஃபலோ அணி அவரை 2003 ஏப்ரலில் முதல் சுற்றிலேயே, 23-ஆவது இடத்தில் எடுத்துக்கொண்டது. கிளாரெட்டின் முழங்காலில் அதே தோள் மோதியிருந்தால், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அவருக்குச் சட்டப்படி கிடைத்திருக்கக்கூடியது கல்விக் கட்டணமும் விடுதியும் சாப்பாடும் புத்தகமும் மட்டுமே. பின்னாளில் வழக்காக வெடித்த கணக்கு இதுதான்.

உறவு முறிந்த விதம்

முறிவு பட்டம் வெல்வதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆட்டத்துக்காக அரிசோனாவில் தங்கியிருந்த நாட்களில், யங்ஸ்டவுனில் சுட்டுக் கொல்லப்பட்ட தன் நண்பனின் இறுதிச் சடங்குக்குப் போய்வர அவர் விரும்பினார். பல்கலைக்கழகம் விமானச் செலவை ஏற்க வேண்டுமென்றால் அதற்குரிய நிதியுதவிப் படிவங்கள் நிரப்பப்பட வேண்டும், அவர் நிரப்பவில்லை என்றது நிர்வாகம். நிர்வாகம் பொய் சொல்கிறது என்று கிளாரெட் செய்தியாளர்கள் முன்னிலையிலேயே சொன்னார். கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி மாணவ வீரருக்குப் பல்கலைக்கழகம் தன்னிச்சையாகப் பயணச்சீட்டு வாங்கித் தருவதும் குற்றமாகலாம் என்பதால், நிர்வாகத்தின் விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் நாட்டின் மிகப்பெரிய பண ஆட்டங்களில் ஒன்றுக்குத் தன்னை அழைத்து வந்திருப்பவர்கள் சாவு வீட்டுக்குப் போக ஒரு படிவத்தைக் காட்டினார்கள் என்ற நினைப்பு பத்தொன்பது வயதுப் பையனின் மனத்தில் எப்படி இறங்கியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

2003 கோடையில் பிரச்சினைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஒரு பாடத் தேர்வில் அவருக்குச் சலுகை காட்டப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டை விசாரித்த பல்கலைக்கழகம் முறைகேடு எதுவும் இல்லை என்று முடித்தது. ஆனால் கார் விவகாரம் அவ்வளவு எளிதில் முடியவில்லை. விற்பனையகம் ஒன்றிலிருந்து அவர் ஓட்டிப் பார்க்க எடுத்துவந்த காரை யாரோ உடைத்துத் திருடிவிட்டதாகவும், போனவற்றின் மதிப்பு 10,000 டாலருக்கும் மேல் என்றும் அவர் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தொகை மிகைப்படுத்தப்பட்டது என்பதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். பொய்ப் புகார் வழக்கு கடைசியில் ஒரு சிறு குற்றமாகக் குறைக்கப்பட்டு அபராதத்தோடு முடிந்தது, என்.சி.ஏ.ஏ. விசாரணையோ அப்படி முடியவில்லை. தகாத சலுகைகளைப் பெற்றார், விசாரணையாளர்களிடம் உண்மையை மறைத்தார் என்ற காரணங்களைக் காட்டி, விளையாட்டுத்துறை இயக்குநர் ஆண்டி கைகர் 2003 செப்டம்பரில் அவரை அந்தப் பருவம் முழுவதுக்கும் இடைநீக்கம் செய்தார். சலுகை பெற்றதைவிட விசாரணையில் சொன்ன பொய்களே அவரைக் கவிழ்த்தன என்பது என் கருத்து. பக்கத்தில் ஒரு நல்ல வழக்கறிஞர் இருந்திருந்தால் அவற்றில் பாதியாவது நிகழ்ந்திராது.

அந்த நிலையில் அவருக்கு எந்த வாசலும் திறந்திருக்கவில்லை: கல்லூரியில் ஆட முடியாது, லீக் எடுத்துக்கொள்ளாது. யங்ஸ்டவுனிலிருந்து ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஏக்ரன் நகரில், அதே தலைமுறையில் வளர்ந்த லெப்ரான் ஜேம்ஸ், பள்ளிப் படிப்பு முடிந்த அதே ஆண்டு, 2003 ஜூனில், என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் முதல் தேர்வாக எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தார்.

விதியின் பின்கதை

கிளாரெட் எதிர்த்த விதி, பள்ளியை முடித்தபின் மூன்று முழுப் பருவங்கள் கழியாத எவரும் என்.எஃப்.எல். டிராஃப்டில் இடம்பெறக் கூடாது என்பது. இதன் வரலாற்றைத் தேடிப் போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ரன்னிங் பேக் நிற்பதைக் காணலாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரெட் கிரேஞ்ச் 1925 நவம்பர் 21 அன்று தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தை ஆடிவிட்டு, பட்டம்கூட வாங்காமல், சில நாட்களிலேயே சிகாகோ பேர்ஸ் அணியின் சீருடையில் களமிறங்கினார். கல்லூரிகள் கொதித்தன, அவர்களுடைய கோபத்துக்கு அஞ்சிய லீக், உடன் படித்தவர்கள் பட்டம் பெறும்வரை ஒரு வீரரை எடுப்பதில்லை என்று விதி செய்துகொண்டது. கிரேஞ்சின் அந்தக் கடைசி ஆட்டம் நடந்த இடம் கொலம்பஸின் ஓஹியோ மைதானம், அதாவது கிளாரெட் தன் முதல் ஆட்டத்தை ஆடிய அதே மைதானம்.

1983-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஹெர்ஷல் வாக்கர் மூன்றாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியபோது என்.எஃப்.எல். அவரைத் தொடவில்லை, புதிதாக முளைத்திருந்த போட்டி லீக்கான யூ.எஸ்.எஃப்.எல். அவரை அள்ளிக்கொண்டது. 1988-இல் ஒக்லஹோமா ஸ்டேட்டின் பாரி சாண்டர்ஸ் 2,628 கெஜம் ஓடிவிட்டு மூன்றாம் ஆண்டிலேயே வெளியேற விரும்பியபோது, அவருக்கு விதிவிலக்குத் தரப்பட்டது. 1990-இல் காத்திருப்பு மூன்று பருவங்களாகக் குறைக்கப்பட்டது. ஆக, விதியை உண்டாக்கியவரும் அதைத் தளர்த்தவைத்தவரும் ரன்னிங் பேக்குகளே. அதை முழுதாக உடைக்க வந்தவரும் ஒரு ரன்னிங் பேக்.

முதல் தீர்ப்பு

2003 செப்டம்பரில் நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலானது. கிளாரெட் தரப்பின் வாதம் நேரானது. முப்பத்திரண்டு அணிகளும் வணிகத்தில் ஒன்றோடொன்று போட்டியிடும் தனித்தனி முதலாளிகள்; அவர்கள் கூடிப் பேசி, ஒரு வகைத் தொழிலாளியை யாரும் வேலைக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்வது, 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் தடைசெய்யும் கூட்டுச்சதி. லீக்கின் பதில், இந்த விதி வீரர் சங்கத்துடனான உறவின் ஒரு பகுதி, எனவே போட்டிச் சட்டம் இங்கே நுழையாது என்பது. இதோடு, உடல் முதிராத இளைஞர்களைக் காயத்திலிருந்து காக்கவே இந்த விதி என்ற விளக்கத்தையும் லீக் முன்வைத்தது. ஆறடி உயரமும் 230 பவுண்டு எடையும் கொண்ட கிளாரெட், உயரத்தில் ஐந்தடி எட்டு அங்குலத்தைத் தாண்டாத பாரி சாண்டர்ஸைவிடப் பெரிய உடல்காரர் என்பதை வைத்துப் பார்த்தால், இந்தக் கடைசி விளக்கம் குறைந்தபட்சம் இவர் விஷயத்தில் எடுபடவில்லை.

2004 பிப்ரவரி 5 அன்று நீதிபதி ஷீரா ஷைண்ட்லின் விசாரணைக்கே போகாமல் கிளாரெட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். போட்டிச் சட்டத்திலிருந்து தொழிலாளர் பேரத்துக்குக் கிடைக்கும் விலக்கைக் கோர வேண்டுமானால், விதி பேரத்தில் பங்குகொண்டவர்களை மட்டுமே பாதிக்க வேண்டும், ஊதியம், வேலை நேரம், பணி நிலைமை போன்றவற்றைப் பற்றியதாக இருக்க வேண்டும், உண்மையாகவே பேரம் பேசி ஏற்கப்பட்டதாக இருக்க வேண்டும். இந்த விதி மூன்றிலும் தேறவில்லை என்பது அவர் முடிவு. சங்கத்துக்கு வெளியே நிற்பவனைத்தான் இது பாதிக்கிறது என்ற புள்ளி கிளாரெட்டின் வழக்குக்கு உயிர்நாடி. மேலும், லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 1993-இன் கூட்டு ஒப்பந்தப் பக்கங்களில் இந்த விதி நேரடியாக எழுதப்பட்டிருக்கவும் இல்லை. அது லீக்கின் சொந்தச் சட்டவிதிகளில் இருந்தது, அவற்றை எதிர்த்து வழக்காடுவதில்லை என்று சங்கம் உறுதியளித்திருந்தது, அவ்வளவுதான்.

பத்து வாரங்களுக்குச் சற்று மேல் கிளாரெட் தகுதியுள்ளவராக இருந்தார். அந்தத் தீர்ப்பை நம்பி, தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைக் வில்லியம்ஸும் கல்லூரியை விட்டு வெளியேறி முகவரை அமர்த்திக்கொண்டார். டிராஃப்ட் ஏப்ரல் 24-இல் தொடங்க வேண்டும். 19-ஆம் தேதி இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கின்ஸ்பர்க், ஸ்டீவன்ஸ் இருவரும் அவசர மனுக்களை ஏற்க மறுத்தார்கள். டிராஃப்ட் இருவரும் இல்லாமலே நடந்து முடிந்தது. வில்லியம்ஸ் கல்லூரிக்குத் திரும்பக் கேட்டபோது, முகவரோடு சேர்ந்துவிட்டவர் என்பதால் என்.சி.ஏ.ஏ. அவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் தீர்ப்பு

2004 மே 24 அன்று வெளிவந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பை எழுதியவர், ஐந்தாண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் சென்ற சோனியா சோட்டோமயோர். முதல் தீர்ப்பு பயன்படுத்திய மூன்று அளவுகோல்களைத் தங்கள் நீதிமன்றம் ஏற்றதில்லை என்று சொல்லி ஒதுக்கிவிட்டு, அவர் கேள்வியையே மாற்றிப் போட்டார். வீரர்கள் ஒரு சங்கத்தின் மூலம் பேரம் பேசுவதைத் தேர்ந்தெடுத்த பிறகு, யார் வேலைக்குத் தகுதியானவர் என்பதும் அந்தப் பேரத்துக்குள் வரும் விஷயமே; புதிதாக வருபவரைவிட ஏற்கெனவே இருப்பவர்களின் நலனை முன்னிறுத்தச் சங்கத்துக்கு உரிமை உண்டு; வேலை தேடி வரும் புதியவரும் அந்தப் பேரத்துக்குக் கட்டுப்பட்டவரே. கிளாரெட் டிசம்பர் 11, 2001 அன்று பள்ளியை முடித்தபோது 2001 என்.எஃப்.எல். பருவத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓடிவிட்டிருந்தது என்பதையும், அதனால் அவர் தேவையான மூன்றுக்கு ஒரு பருவம் குறைந்து நிற்கிறார் என்பதையும் தீர்ப்பு குறிப்பிடுகிறது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுக்கவில்லை.

இந்தத் தீர்ப்பைத் தொழிலாளர் சட்டம் தெரிந்தவர்கள் எளிதில் குறை சொல்வதில்லை. எனக்கும் அதன் தர்க்கம் உறுதியாகவே தெரிகிறது. ஆலைச் சங்கம் பணிமூப்பைக் காக்கும்போது புதியவன் காத்திருக்கத்தான் வேண்டும். யங்ஸ்டவுனின் எஃகுத் தொழிலாளிகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆலையில் காத்திருப்பவன் அந்நேரத்தில் அதே வேலையை வேறிடத்தில் ஊதியமின்றிச் செய்துகொண்டிருப்பதில்லை. இங்கே, காத்திருக்கும் மூன்று ஆண்டுகளும் இளைஞன் அதே ஆட்டத்தை, அதே அடிகளோடு, கல்லூரி மைதானத்தில் ஆடித் தன் தரத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அன்றைய விதிப்படி ஊதியமின்றி. லீக்குக்கு அது செலவில்லாத பயிற்சிக்கூடம். விதியால் கல்லூரிக்கு என்ன ஆதாயம், லீக்குக்கு என்ன ஆதாயம் என்பது நீதிமன்றத்தின் முன்னிருந்த கேள்வி அல்ல; எனவே அதற்குப் பதிலும் தீர்ப்பில் இல்லை.

இண்டியானாபொலிஸில் நாற்பது கெஜம்

2005 பிப்ரவரியில், புதிய வீரர்களை அணிகள் சோதித்துப் பார்க்கும் முகாம் இண்டியானாபொலிஸில் நடந்தது. கிளாரெட் கடைசியாக ஓர் ஆட்டத்தில் ஆடி அப்போது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. இடையில், 2004 நவம்பரில், தனக்குப் பயிற்சியாளர்கள் காரும் பணமும் ஏற்பாடு செய்து தந்ததாக அவர் ஒரு விளையாட்டு இதழுக்குப் பேட்டி கொடுக்க, பல்கலைக்கழகம் அதை முற்றாக மறுத்திருந்தது. முகாமில் நாற்பது கெஜ ஓட்டத்தை அவர் முதலில் 4.72 நொடியில் முடித்தார். அணிக்காரர்கள் முதல் சுற்றுக்குரிய ரன்னிங் பேக்கிடம் எதிர்பார்ப்பது ஏறத்தாழ நான்கரை நொடி. இரண்டாவது முறை ஓடினார்: 4.82. மற்றவர்கள் இரண்டாம் முறை நேரத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள்; இவருக்குக் கூடியது. அதற்குமேல் அன்று அவர் எதையும் முயலவில்லை.

அவர் முதிரவில்லை என்று லீக் 2004-இல் சொன்னது சரிதானா என்பதை இந்த ஓட்டத்தைக் கொண்டு முடிவு கட்டுபவர்கள் பலர். அது எனக்கு ஒப்புதலில்லை. பத்தொன்பது வயதில் நாட்டின் சிறந்த தற்காப்பு அணிக்கு எதிராக வென்றவரை இரண்டு ஆண்டு மைதானத்துக்கு வெளியே நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு ஓடச் சொன்னால், கிடைக்கும் எண் அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றியதே தவிரப் பத்தொன்பது வயதுக்காரரைப் பற்றியது அல்ல. அதேசமயம், அந்த இரண்டு ஆண்டுகளில் உடலைப் பேணிக்கொள்வது அவர் பொறுப்பாகவும் இருந்தது; அவர் பேணவில்லை.

எல்லோரும் வியக்கும்படி, டென்வர் பிராங்கோஸ் அணி ஏப்ரலில் மூன்றாம் சுற்றின் இறுதியில், 101-ஆவது தேர்வாக அவரை எடுத்தது. உறுதியான முன்பணத்தை வேண்டாமென்று சொல்லி, நன்றாக ஆடினால் பெருந்தொகை என்ற வகையிலான ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். தொடையிடுக்குத் தசை வலியால் பயிற்சி ஆட்டங்களில்கூட இறங்காமலேயே ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார். முன்பணமும் இல்லை, வேலையும் இல்லை.

பின்னர் நடந்தவை குற்றவியல் பதிவேட்டைச் சேர்ந்தவை. 2006 புத்தாண்டு அதிகாலையில் கொலம்பஸில் துப்பாக்கியைக் காட்டி இருவரிடம் வழிப்பறி செய்ததாகக் குற்றச்சாட்டு. அதே ஆகஸ்டில், காரில் நிரப்பிய துப்பாக்கிகளோடும் உடம்பில் குண்டு துளைக்காத சட்டையோடும் கைது. செப்டம்பரில் ஏழரை ஆண்டுச் சிறைத் தண்டனை. மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2010 ஏப்ரலில், வெளியே வந்தார். யூ.எஃப்.எல். என்ற சிறிய லீக்கின் ஒமாஹா அணியில் சில ஆட்டங்கள் ஆடினார். பிற்பாடு யங்ஸ்டவுனில் மனநலச் சிகிச்சைக்கும் போதைமீட்புக்குமான ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். டிரெசலும் 2014-இல் யங்ஸ்டவுன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைவராக அதே ஊருக்குத் திரும்பினார். இருவருக்கும் இடையிலான கசப்பு அதற்குள் ஆறியிருந்தது.

இன்றைய நிலை

கல்லூரிப் பக்கம் ஏறத்தாழ எல்லாமே மாறிவிட்டது. 2021 ஜூனில், கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. விதித்திருந்த வரம்பை உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒருமனதாக நிராகரித்தது. அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரங்களுக்கு விற்கும் உரிமையைப் பெற்றார்கள். 2025-இல் ஏற்கப்பட்ட சமரசத்தின்படி பல்கலைக்கழகங்கள் தங்கள் வருவாயிலிருந்து வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர். விற்பனையகத்திலிருந்து கடன் வாங்கிய ஒரு காருக்காகக் கிளாரெட் விசாரிக்கப்பட்டார். இன்று அதே நகரத்தில் ஓடும் ரன்னிங் பேக், கார் நிறுவனத்தின் விளம்பரத்தில் சட்டப்படியே தோன்றலாம். வழக்குகளின் திசைகூட மாறிவிட்டது: 2024-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் டியேகோ பாவியா நீதிமன்றம் போனது, கல்லூரியில் இன்னொரு ஆண்டு நீடிப்பதற்காக.

லீக்கின் பக்கம் மாறியது ஒன்றே ஒன்று. 2004-இல் கூட்டு ஒப்பந்தத்துக்கு வெளியே, லீக்கின் சட்டவிதிகளில் ஒதுங்கிக் கிடந்த மூன்று பருவ விதி இப்போது ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஷைண்ட்லின் சுட்டிக்காட்டிய ஓட்டை அடைபட்டுவிட்டது. நடப்பு ஒப்பந்தம் 2020 மார்ச்சில் வீரர்களின் வாக்கெடுப்பில் நிறைவேறியது, 2030 பருவம் வரை செல்லும். அந்த வாக்கெடுப்பு நடந்தபோது, ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் பள்ளியை முடிக்கப்போகும் பையனுக்கு வயது எட்டு.